கன்வெர்ட்டர் கடகடக்கிறதா? கேள்வி பதில்

காரின் புகைக்குழாயில், புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் பெட்டிதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அது இருக்கும் அடிப்பாகத்திலிருந்து வரும் கடகடச் சத்தம் பற்றி ராமேஸ்வரம் முதல் சாயல்குடி வரையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பட்டறைக்காரர் ஒருவரின் பதில்கள்.

உச்சிப்புளி: அண்ணா, என்னுடையது 2014-ல் வாங்கிய பெட்ரோல் கார். ரயில்வே கேட்டில் நிற்கும்போது அடியில் தகரம் அதிரும் சத்தம் வருகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் நின்றுவிடுகிறது. கன்வெர்ட்டர் போய்விட்டது என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். மாற்றிவிடட்டுமா?

பணத்தைப் பையிலேயே வையுங்கள் தம்பி. மிதித்தால் நிற்கிறது, விட்டால் வருகிறது என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. கன்வெர்ட்டரைச் சுற்றி ஒரு மெல்லிய வெப்பத் தகடு போர்த்தியிருக்கும். உள்ளிருக்கும் சூடு காரின் தரைக்கும், சாலையோரம் நிறுத்தினால் காய்ந்த புல்லுக்கும் போகாமல் தடுப்பது அதன் வேலை. நம் கரையின் உப்புக் காற்று அந்தத் தகட்டின் போல்ட் துளைகளைச் சுற்றித்தான் முதலில் அரிக்கும். துளை பெரிதானால் தகடு ஆடும். என்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போது மட்டும் அதிரும்.

இரவெல்லாம் நின்று ஆறிய காரில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், கையுறை போட்டுக்கொண்டு தகட்டை ஆட்டிப் பாருங்கள். அதே சத்தம் கேட்டால் முடிந்தது விஷயம். துருப்பிடிக்காத எஃகில் செய்த பெரிய ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் வளையப் பட்டை) ஒன்றோ இரண்டோ வாங்கி, தகட்டையும் கன்வெர்ட்டரையும் சேர்த்துச் சுற்றி முறுக்கினால் போதும். சாதாரண இரும்பு கிளாம்ப் வேண்டாம். அடுத்த ஆடிக்காற்றுக்குள் அதுவும் உதிர்ந்துவிடும். சத்தம் போகட்டும் என்று தகட்டையே கழற்றி எறிகிறவர்களும் உண்டு. அது தவறு. இன்னொன்று, ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்காதீர்கள். காரைத் தாங்கும் ஸ்டாண்டு வைத்தபிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

கீழக்கரை: எங்கள் காரில் தகடு உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உள்ளே ஏதோ உருள்கிறது. கன்வெர்ட்டர்தான் என்று எப்படி உறுதி செய்வது?

காக்கா (உங்கள் ஊர் வழக்கில் அண்ணன்), கன்வெர்ட்டருக்குள் இருப்பது பீங்கான் கட்டி. தேன்கூடுபோல் ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள் அதில் இருக்கும். துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றுவது அந்தப் பூச்சுதான். கட்டியைச் சுற்றி ஒரு வெப்பம் தாங்கும் மெத்தை உண்டு. மெத்தை நைந்தால் கட்டி ஆடும், ஆடினால் உடையும்.

கார் நன்றாக ஆறியபிறகு ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரின் உடலைத் தட்டுங்கள். நல்ல கன்வெர்ட்டர் 'தொப்' என்று அடங்கும். உடைந்தது, தகர டப்பாவில் சரளைக்கல் போட்டுக் குலுக்கியதுபோல் கேட்கும். பிறகு சைலன்சரையும் தட்டுங்கள். அதன் உள்தகடு கழன்றாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான் வரும். பின்னால் இருக்கும் சைலன்சர் செய்த குற்றத்துக்கு முன்னால் இருக்கும் கன்வெர்ட்டர் தண்டனை அனுபவிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தட்டியும் சந்தேகம் தீரவில்லை என்றால் கன்வெர்ட்டருக்கு முன்னால் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை (புகையிலுள்ள ஆக்சிஜனை அளப்பது) கழற்றி, அந்தத் துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதே துளையில் பிரஷர் கேஜ் மாட்டலாம். கார் நின்றபடி ஓடும்போது ஒன்றரை பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தின் அளவு) மேலோ, என்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றும்போது 3 பிஎஸ்ஐக்கு மேலோ காட்டினால், உடைந்த துண்டுகள் புகையின் வழியை அடைத்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். மேடு ஏறும்போது கார் திணறினால் அதுவும் இதனால் இருக்கலாம்.

தொண்டி: போன வருடம்தான் புது கன்வெர்ட்டர் போட்டேன். மறுபடியும் உடைந்துவிட்டது என்கிறார்கள். மட்டமான பொருளா?

பொருளைத் திட்டும் முன் என்ஜினைப் பாருங்கள். வண்டி துள்ளித் துள்ளி ஓடியதா? டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்ததா? பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலோ கெட்டிருந்தால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே வரும். அது போய் எரிகிற இடம் கன்வெர்ட்டர். வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூட்டில் வேலை செய்யும் பொருள் அது. எரியாத பெட்ரோல் உள்ளே எரிந்தால் சூடு எல்லை மீறும். அந்தப் பீங்கான் 1,450 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கிவிடும். விளக்கு நிலையாக எரிந்தால் நாள் பார்த்துப் பட்டறைக்குப் போகலாம். சிமிட்டினால் ஓரங்கட்டுங்கள். ‘தொண்டியிலிருந்து தேவகோட்டைதானே, போய்விடலாம்’ என்று ஓட்டினால் கன்வெர்ட்டருக்கு வாய்க்கரிசி போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் ஆயில் குடிக்கிறதா என்றும் பாருங்கள். எரிந்த ஆயிலின் சாம்பல், கன்வெர்ட்டரின் உள்பூச்சின் மீது படிந்து வேலையைக் கெடுக்கும். முதல் காரணத்தைச் சரிசெய்யாமல் மூன்றாவது கன்வெர்ட்டர் போட்டாலும் இதே கதைதான்.

ராமேஸ்வரம்: டாக்சி ஓட்டுகிறேன். தினமும் தனுஷ்கோடி, அரிச்சல்முனை சவாரி. உப்பிலிருந்து எப்படிக் காப்பது?

அரிச்சல்முனை சாலையில் காற்றோடு வரும் மணல், தகட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் போய்ப் படிகிறது. படிந்த மணல் உப்பு ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும். கடைசிச் சவாரி முடிந்து வண்டி ஆறியபிறகு நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். அங்கே நல்ல தண்ணீருக்குப் பஞ்சம் என்று தெரியும், இரண்டு வாளி போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவாமலே இருக்கலாம். சூடாக இருக்கும்போது மட்டும் ஊற்றாதீர்கள். பீங்கான் விரிசல் விடும். துருவைத் தடுக்கும் கறுப்புப் பூச்சைக் கன்வெர்ட்டர் மேலும் புகைக்குழாய் மேலும் அடித்துவிடுகிறார்கள் சிலர். அது எரிந்து நாறும், தீயும் பிடிக்கலாம். தரைத் தகட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏர்வாடி: உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் குழாயாக விட்டால் மைலேஜ் கூடும் என்கிறார் நண்பர்.

நண்பரிடம் காரைக் கொடுக்காதீர்கள். அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டரோடு ஓடிய கார், அதை எடுத்ததும் சுறுசுறுப்பாகத்தான் தெரியும்; நல்ல கன்வெர்ட்டர் போட்டாலும் அதே சுறுசுறுப்பு வரும். எடுத்துவிட்டால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் காட்டிக்கொடுக்கும், என்ஜின் விளக்கு அணையாது. கார்பன் மோனாக்சைடு குறையாமல் வெளியேறும். மூடிய கார் ஷெட்டில் அது ஆளைக் கொல்லும் வாயு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், சிறை, லைசென்ஸ் இழப்பு எல்லாம் இருக்கிறது.

பாம்பன்: காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக் குறியீடு வருகிறது. சத்தம் எதுவும் இல்லை. மாற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். அந்தக் குறியீடு கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று சொல்கிறது. ஆனால் சென்சாருக்கு முன்னால் குழாய் இணைப்பு துருவில் ஓட்டையாகி வெளிக்காற்று புகுந்தாலும் அதே குறியீடு வரும். நம் ஊர் கார்களில் முதலில் இணைப்புகளைப் பார்ப்பேன்.

தேவிபட்டினம்: என்னிடம் 1992 மாருதி 800 இருக்கிறது. அதிலும் கன்வெர்ட்டர் சத்தமா?

அதில் கன்வெர்ட்டரே கிடையாது ஐயா. புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது 1995-ல், அதுவும் முதலில் நான்கு பெருநகரங்களில். சைலன்சரைத் தட்டிப் பாருங்கள்.

சாயல்குடி: மாற்றியே ஆக வேண்டும் என்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் மாடலுக்கும், பிஎஸ்4 அல்லது பிஎஸ்6 புகைத் தரத்துக்கும் உரியதா என்று பாருங்கள். உடைந்த துண்டுகள் சைலன்சருக்குள் போயிருந்தால் அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதுக் கன்வெர்ட்டரோடு பழைய சத்தமும் வரும். பழையதைக் கேட்டு வாங்குங்கள். ‘அந்தக் குப்பையை நாங்களே போட்டுவிடுகிறோம்’ என்று யாராவது அன்பாகச் சொன்னால் உஷாராகுங்கள். உள்ளே இருப்பது விலை உயர்ந்த பிளாட்டினமும் ரோடியமும். பழைய கன்வெர்ட்டரின் விலையைப் பில்லில் கழிக்கச் சொல்லிப் பாருங்கள், அன்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மண்டபம்: அண்ணா, நீங்கள் சொன்னபடி கிளாம்ப் போட்டேன். நின்றால் சத்தம் இல்லை. பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது மட்டும் ‘டொக் டொக்’ என்கிறது.

அது வேறு ஆள். புகைக்குழாயைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் வளையங்களில் ஒன்று அறுந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். குழாய் குதித்துத் தரைத் தகட்டில் இடிக்கிறது. ஆறியபிறகு குழாயைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் எந்த இடம் என்று தெரியும். ஒன்று போயிருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், விலை குறைவுதான். மாட்டும்போது வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். என்ஜின் ஆயில் தடவினால் ரப்பர் ஊதிப்போகும்.