கிராண்ட் பியானோவில் ஒரே கட்டையை வேகமாகத் தட்டினால் இரண்டாவது தட்டு ஏன் ஒலிப்பதில்லை?

சுத்தியலைத் தாங்கும் லீவரைத் தூக்கிப் பிடிக்கும் ரிப்பிடிஷன் ஸ்பிரிங்கை முறுக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். சுத்தியலின் எடையையும், அது சுழலும் அச்சாணியான சென்டர் பின்னின் இறுக்கத்தையும் பார்த்துத்தான் அந்த ஸ்பிரிங்கின் விசையை வைப்பார்கள். ஈரத்தில் ஊறி இறுகிய பின்னுக்காக அதை ஏற்றிவிட்டால், காற்று உலர்ந்ததும் சுத்தியல் துள்ளித் தந்தியை இரண்டு முறை அடிக்கும்.

1821-இல் பியானோ தயாரிப்பாளர் எரார் காப்புரிமை பெற்ற இரட்டை எஸ்கேப்மென்ட்தான் (கட்டை முழுதாக எழுமுன்பே மறுபடி தட்ட வைக்கும் அமைப்பு) இன்றைய கிராண்டுக்கும் அடிப்படை. கட்டை முழுதாக மேலே வருமுன்பே சுத்தியலை மேலே தள்ளும் ஜாக், சுத்தியல் காம்பிலுள்ள தோல் உருளையான நக்கிளுக்கு அடியில் திரும்பப் புகுந்துவிட வேண்டும். உங்கள் பியானோவில் அது புகவில்லை.

ஆக்‌ஷனை (கட்டைகளும் சுத்தியல்களும் அடங்கிய இயந்திரப் பகுதியை) வெளியே இழுக்கும்போது ஒரு கட்டைகூட அழுந்தக் கூடாது. அழுந்தினால், எழும்பிய சுத்தியல், தந்தி முறுக்கும் ஆணிகள் பதிந்த பின் பிளாக்கில் மாட்டும், காம்பு ஒடிந்துவிடும். அவசரத்தில் அதிகம் நடக்கும் விபத்து இதுதான்.

சுத்தியல்கள் பூட்டிய மேலடுக்கைக் கழற்றிவிட்டு, கட்டையை நடு ஆணியில் சற்றே தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். முன்நுனியைப் பக்கவாட்டில் ஆட்டினால் துளி இடம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கட்டையின் ஆணித்துளையில் ஒட்டிய கம்பளித் துணியான புஷிங் ஃபெல்ட் உப்பியிருக்கிறது, அதற்கான குறடால் மெல்ல அழுத்தித் தளர்த்துங்கள். அடுத்து சுத்தியலின் திருகைக் கழற்றி, சென்டர் பின்னில் அதைத் தாங்கும் துண்டான ஃபிளாஞ்சைப் பிடித்தபடி ஊசலாட விடுங்கள். 5 முதல் 7 ஆட்டம் வந்தால் நல்லது. இரண்டிலேயே நின்றால் பின்னை மாற்ற வேண்டும். பழைய ஆக்‌ஷனில் பின்மேல் பச்சைப் பிசுக்கு படிந்திருந்தால் எண்ணெய் விட்டு ஏமாற்ற முடியாது.

பலர் கோட்டைவிடுவது அந்த ஸ்பிரிங் தூக்கும் ரிப்பிடிஷன் லீவரின் உயரத்தை. மேலடுக்கைத் திரும்பப் பூட்டி, கட்டை ஓய்வில் இருக்கும்போது லீவரை லேசாகக் கீழே அழுத்தினால், சுத்தியல் கண் சிமிட்டுவது போலத் துளி இறங்க வேண்டும். அசையவே இல்லையென்றால் லீவர் தாழ்ந்து, நக்கிள் ஜாக்கின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜாக் உள்ளே நுழைய வழி ஏது?

இனி அளவுகள். சுத்தியலுக்கும் தந்திக்கும் இடையே சுமார் 45 மி.மீ., கட்டையின் ஆழம் 10 மி.மீ. அளவு, இரண்டுக்கும் தயாரிப்பாளர் தரும் எண்ணே முந்தியது. கட்டையை மெதுவாக அழுத்தினால் தந்திக்கு 1.5 முதல் 2 மி.மீ. இருக்கும்போது சுத்தியல் விடுபட்டு, அங்கிருந்து அதே அளவு கீழே இறங்க வேண்டும். ஓங்கித் தட்டினால், திரும்பி விழும் சுத்தியலைத் தந்திக்கு 12 முதல் 15 மி.மீ. தள்ளி பேக்செக் என்ற தடுப்பு பிடிக்க வேண்டும்.

ஸ்பிரிங்கின் முறை இப்போதுதான் வருகிறது. தட்டி, சுத்தியல் பேக்செக்கில் மாட்டியதும் கட்டையை மெல்ல விடுங்கள். சுத்தியல் தயங்காமல், துள்ளாமல் எழ வேண்டும். விரலில் உதை தெரிந்தால் விசை கூடுதல். எழவே சோம்பினால், வளைக்குமுன் லீவரின் அடியில் ஸ்பிரிங் நுனி ஓடும் பள்ளத்தைப் பாருங்கள். பழைய மசகு கெட்டிப்பட்டிருந்தால் சுரண்டி எடுத்து, கொஞ்சம் கிராஃபைட் தேய்த்தாலே பாதிக் கட்டைகள் வழிக்கு வந்துவிடும்.