மாமோகிராம் ரிப்போர்ட்டில் ‘டைப் சி’ என்று இருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது, திருப்பாதிரிப்புலியூர். புதுச்சேரியில் மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தேன். ‘ஹெட்டரோஜீனியஸ்லி டென்ஸ், டைப் சி, பைராட்ஸ் 1’ என்று ரிப்போர்ட். என் அக்காவுக்கு டைப் பி தான். பெரியம்மாவுக்கு 68 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு ஆரம்பித்துவிட்டதா? எம்ஆர்ஐ எடுக்கணுமா?

பதில்: ஆரம்பிக்கவில்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் எழுத்தும் எண்ணும் வேறு வேறு சங்கதி, நிறைய பேர் இரண்டையும் சேர்த்துப் படித்து ‘சி என்றால் மூணாவது ஸ்டேஜ்’ என்று முடிவுகட்டி ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்கள். நோய் சந்தேகம் இருக்கிறதா என்று சொல்வது ‘பைராட்ஸ்’ என்ற எண். உங்களுடையது 1, அதாவது சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஏ (மிகக் குறைவு) முதல் டி (மிக அதிகம்) வரையுள்ள எழுத்து மார்பகம் எவ்வளவு அடர்த்தி, அதாவது கொழுப்பைவிட பால் சுரப்பியும் நார்த்திசுவும் எவ்வளவு கூட இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. 40 வயது தாண்டிய பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சி அல்லது டி தான். மாதவிலக்கு நிற்காத வயதில் இது சகஜம். தொட்டுப் பார்த்தோ, அளவைப் பார்த்தோ அடர்த்தியைச் சொல்ல முடியாது. அக்காவோடு ஒப்பிடவும் வேண்டாம், ஒரே பெண்ணின் படத்தை ஒரு டாக்டர் பி என்றும் இன்னொருவர் சி என்றும் எழுதுவது உண்டு.

சரி, அப்புறம் எதற்கு அதை எழுதுகிறார்கள்? இரண்டு காரணம். படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் வெள்ளையாகத் தெரியும், புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். பச்சை வயலில் நிற்கிற கொக்கு சட்டென்று கண்ணில் படும், மரக்காணம் உப்புக் குவியல் பக்கத்தில் நின்றால் தேடத்தான் வேண்டும். அதனால் அடர்த்தி கூடக்கூட ‘நார்மல்’ என்ற ரிப்போர்ட்டை நம்பக்கூடிய அளவு கொஞ்சம் குறைகிறது, உங்கள் விஷயத்தில் எனக்கு இதுதான் முக்கியம்.

இரண்டாவது, அடர்த்தியே ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. 1976-லேயே அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் ஜான் உல்ஃப் இதைக் கவனித்து எழுதினார். இணையத்தில் சுற்றும் ‘4 மடங்கு, 5 மடங்கு’ கணக்கு, முக்கால் பங்குக்கு மேல் அடர்த்தி உள்ளவர்களை அடர்த்தியே இல்லாதவர்களோடு ஒப்பிட்டு வந்தது. இரண்டுமே ஓரத்தில் இருக்கிறவர்கள்! சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் டி-க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, சி-க்கு லேசாகத்தான் கூடுதல்.

எம்ஆர்ஐ இப்போதைக்குத் தேவையில்லை. நெதர்லாந்தில் நடந்த பெரிய ஆய்வில் எம்ஆர்ஐயால் பலன் தெரிந்தது டி வகைப் பெண்களிடம், நீங்கள் அதில் வரவில்லை. செலவு, ஊசி மருந்து, ஒன்றுமில்லாததைப் பார்த்துப் பயந்து பயாப்ஸி (சதையில் துளி எடுத்துச் சோதிப்பது) வரை போவது எல்லாம் கூடவே வரும். அம்மாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் என்று இருந்தால் என் பதில் வேறாக இருக்கும். பெரியம்மாவுக்கு 68-ல் வந்தது அந்தக் கணக்கை அதிகம் மாற்றாது, ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவையுங்கள். மனசு ஆறவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம், கதிர்வீச்சு கிடையாது. மாமோகிராமில் ஒளிந்த சில கட்டிகளை அது காட்டும், தேவையில்லாத கவலையையும் கொஞ்சம் கிளப்பும், தெரிந்தே எடுங்கள்.

அடர்த்தியைக் குறைக்க எண்ணெய், கஷாயம் என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். சில்வர் பீச்சில் தினமும் நடந்தாலும் அடர்த்தி குறையாது (உடம்பு இளைத்தால் கொழுப்பு குறைந்து படம் இன்னும் வெள்ளையாகத் தெரியலாம், பயப்படாதீர்கள்), ஆனால் புற்றுநோய் ஆபத்து குறையும், நடங்கள்.

அடுத்த வருடம் போகும்போது இந்த ஃபிலிமையும் சிடியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் புதிதாக வந்தது தெரியும். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. அக்குளில் பவுடர், ஸ்ப்ரே வேண்டாம், படத்தில் புள்ளி புள்ளியாக விழும். நடுவில் கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் என்று எது தெரிந்தாலும் ‘போன மாசம்தான் நார்மல் என்றார்கள்’ என்று உட்கார்ந்திருக்காமல் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.