டிஎன்ஏவுக்கு 'ரிப்பேர் பவுடர்' உண்டா?

கேள்வி: அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். கட்டியைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில் 'மரபணுத்தொகுதி நிலையின்மை அதிகம்' என்று இருக்கிறது. நோய் முற்றிவிட்டதா? மகள் எனக்கும் வருமா? டிஎன்ஏவைச் சரிசெய்யும் பவுடர் இருக்கிறது என்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: முதலில் பவுடர். வேண்டாம். அது நிஜமாகவே டிஎன்ஏவைச் சரிசெய்யுமானால் கட்டிக்கும் சேர்த்துத்தானே சரிசெய்யும்? விற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வரி நோயின் கட்டத்தைச் சொல்வதல்ல. ஒரு செல் பிரியும் முன் தன் டிஎன்ஏவில் உள்ள சுமார் 600 கோடி ஜோடி எழுத்துகளை நகலெடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் போல ஆகும். நடுவில் தடங்கல் வந்தால் நல்ல செல் நின்று, சரிபார்த்துவிட்டுத் தொடரும். புற்றுநோய் செல்லை 'பிரி, பிரி' என்று அதன் மரபணுக்களே விரட்டுவதால் நகலெடுக்க மூலப்பொருள் போதாமல் போகும், வேலை பாதியில் நிற்கும், இழை உடையும். உடைந்ததைப் பிழையில்லாமல் ஒட்ட பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்கள் வேண்டும். அந்த வழி பழுதானால் கிடைத்த முனையைக் கிடைத்த முனையோடு ஒட்டிவிடும். ஒரு துண்டு தொலையும், இன்னொன்று வேறு குரோமோசோமில் போய் உட்காரும். இந்த அலங்கோலத்தைத்தான் எண்ணி மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.

இதில் நல்லதும் உண்டு. பிளாட்டினம் கீமோவும், 2014 முதல் புழக்கத்தில் இருக்கும் ஒலாபரிப் வகை மாத்திரைகளும் இப்படிப்பட்ட கட்டியில்தான் நன்றாக வேலை செய்யும். மருந்தால் வரும் டிஎன்ஏ சேதத்தை அந்தக் கட்டியால் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது என்பதே காரணம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மதிப்பெண் என்பது தழும்பு. இன்றைய நிலவரம் அல்ல. சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பும்போது, சில செல்கள் தங்கள் பிஆர்சிஏ பழுதைத் தாமே சரிசெய்துகொண்டிருக்கும். தழும்பு அப்படியே இருக்கும், மதிப்பெண்ணும் குறையாது, ஆனால் மருந்து கேட்காது. அதனால் பயாப்ஸி எடுத்த தேதியையும், அதன்பின் கொடுத்த மருந்துகளையும் சேர்த்துப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்ல முடியாது. பக்கம் பக்கமாக ரிப்போர்ட் அடித்துத் தருகிறார்கள், இதைச் சொல்ல மட்டும் யாருக்கும் இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை!

உங்களுக்கு வருமா என்பதைக் கட்டியின் மதிப்பெண் சொல்லாது. அம்மாவின் ரத்தத்தில் பிஆர்சிஏ பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதில் பிறவிக் கோளாறு தெரிந்தால், உங்களிடமும் அது இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த ஒரே இடத்தை உங்கள் ரத்தத்தில் பார்த்தால் போதும். அதற்குள் 'குடும்பப் பேக்கேஜ்' என்று ஏஜென்ட் யாராவது போன் செய்தால் எடுக்காதீர்கள். மரபணு ஆலோசகரிடம் போங்கள்.