சூடேறியதும் நின்றுவிடும் கார்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

வணக்கம். 11 ஆண்டுகள் ஓடிய உங்கள் பெட்ரோல் கார் சூடேறிய பின் திடீரென நின்றுவிடுவதாகவும், சற்று ஆறியதும் மீண்டும் ஓடுவதாகவும், பேட்டரியையும் எரிபொருள் பம்பையும் மாற்றியும் பயனில்லாததால் விற்றுவிட எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் தெரியும் முன் விற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இந்த அறிகுறிகள் கிராங்க் ஷாஃப்ட் சென்சார் (இன்ஜினின் சுழற்சியை உணர்ந்து காரின் கணினிக்குத் தெரிவிக்கும் உணரி) பழுதுக்குப் பெரிதும் பொருந்துகின்றன. வெப்பத்தால் அதன் சமிக்ஞை அறுபட்டால், ஸ்பார்க்கும் எரிபொருள் தெளிப்பும் ஒருசேர நின்றுவிடும், ஆறியதும் திரும்பிவிடும். இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் இந்தச் சென்சாரை மாற்றுவது மிகச் சிறிய செலவு. ஆகவே, கார் நின்றுபோன அந்த நிலையிலேயே ஸ்கேனரை (காரின் கணினித் தரவைப் படிக்கும் கருவியை) இணைத்து, ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினின் சுழற்சி வேகம் பூஜ்யமாகவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; அப்படி இருந்தால் சென்சார் மீதான சந்தேகம் வலுப்படும். ஆறிய பின் சோதித்தால் இந்தப் பழுது எளிதில் தப்பிவிடும். கூடவே, இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய, சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள்ளே உருவாகும் அழுத்தத்தையும்) பார்த்துவிடுங்கள்.

அடிச்சட்டம் துருவால் அரிக்கப்பட்டிருந்தால் தயங்காமல் காரை மாற்றுங்கள். இல்லையெனில், பழுதுச் செலவைக் காரின் விற்பனை மதிப்போடு ஒப்பிடாமல், வேறொரு கார் வாங்கினால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆகும் தவணை, காப்பீடு, மதிப்பிழப்பு ஆகியவற்றின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

அதுவரை தயவுசெய்து விரைவுச் சாலையில் ஓட்டாதீர்கள்; இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கடினமாகிவிடும்.