வாசகர் கேள்வி–பதில்: நாற்பது ஆவணங்களில் எதை முதலில் எழுதுவது?

கேள்வி: கோயம்புத்தூரில் பம்பு உற்பத்தி செய்யும் நிறுவனமொன்றின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறேன். மூன்று ஆலைகளும் பல ஊர்களில் விற்பனைக் கிளைகளும் உள்ளன. இனி மென்பொருள்களைத் துண்டு துண்டாக வாங்காமல், நிறுவனத்தின் பணிகள், தரவு, மென்பொருள்கள், தொழில்நுட்பம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைக்கும், எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் எனப்படும் நிறுவனக் கட்டமைப்பைத் திட்டமிட்டுச் செய்வது என்று நிர்வாகம் முடிவெடுத்துள்ளது. டோகாஃப் முறையைப் பின்பற்றச் சொன்ன ஆலோசகர், நாற்பதுக்கும் மேற்பட்ட ஆவணங்களின் பெயர்களைக் கொடுத்திருக்கிறார். இவற்றில் தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டியவை எவை, வேலையின் போக்கில் உருவாகுபவை எவை, எவற்றை விட்டுவிடலாம்?

பதில்: ஆலோசகரின் பட்டியல் தவறாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதை அப்படியே வேலைத் திட்டமாக எடுத்துக்கொண்டால், ஓராண்டு கழித்து அலமாரி நிறையக் கோப்புகள் இருக்கும். மென்பொருள் மட்டும் பழையபடி துண்டு துண்டாகவே வந்துகொண்டிருக்கும். டோகாஃப் என்பது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கியிருந்த ஒரு நெறியை அடிப்படையாகக் கொண்டு, 1995-இல் உருவான, நிறுவனக் கட்டமைப்புக்கான முறை; தி ஓப்பன் குரூப் என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. அதன் பத்தாம் பதிப்பு 2022-இல் வந்தது. எல்லா வகை நிறுவனங்களுக்கும் பொருந்த வேண்டியிருப்பதால் அதன் ஆவணப் பட்டியல் நீண்டிருக்கிறது. அவரவர் தேவைக்கேற்ப அதை வெட்டிச் சுருக்கிக்கொள்வதையும் அந்த முறையே முதற்கட்டப் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆவணத்தைப் பற்றியும், இதைப் படித்து யார் எந்த முடிவை எடுக்கப்போகிறார் என்று கேளுங்கள். ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாவிட்டால் அந்த ஆவணம் இப்போதைக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை பெரும்பாலும் நீங்கள் எழுத வேண்டியவை அல்ல, திரட்ட வேண்டியவை. அடுத்த சில ஆண்டுகளுக்கான தொழில் திட்டம், யார் யாருக்குக் கீழ் என்று காட்டும் நிர்வாக அமைப்பு வரைபடம், தணிக்கை அறிக்கைகள், நெட்வொர்க் வரைபடம், மென்பொருள் உரிமங்கள், பராமரிப்பு ஒப்பந்தங்கள், நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் ஆகியவை அவை. சட்டங்களில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ஐ மறந்துவிட வேண்டாம். உத்தரவாத அட்டைக்காக நீங்கள் வாங்கி வைத்திருக்கும் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணும் தனிநபர் தரவுதான். என்னென்ன மென்பொருள்கள் ஓடுகின்றன என்பதைக் கணினிப் பிரிவிடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், கணக்குப் பிரிவுக்குச் சென்று ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) பில்களையும் புரட்டிப் பாருங்கள். வாசலில் எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் போன்றவை அங்கேதான் அகப்படும்.

முதலில் எழுத வேண்டியவை இரண்டு, இரண்டும் சிறியவை. ஒன்று, கட்டமைப்புப் பணிக் கோரிக்கை: எதற்காக இந்த வேலை, எவ்வளவு பணம், எவ்வளவு காலம் என்று நிர்வாகம் உங்கள் குழுவுக்குத் தருவது. மற்றொன்று, அதை ஏற்று உங்கள் குழு எழுதும் பணி வரையறை: எந்த ஆலை, எந்தத் துறை இதில் அடங்கும், எது அடங்காது, முடிவில் என்ன கையளிக்கப்படும், யார் ஒப்புதல் தருவார் என்பவற்றைச் சொல்வது. இதனுடன் இலக்கு நிலையை ஓரிரு பக்கங்களில் விளக்கும் தொலைநோக்கு ஆவணத்தை இணைத்து, பொறுப்பேற்ற இயக்குநரிடம் கையொப்பம் பெற்றுவிடுங்கள். பட்டியலில் வேறு எதைச் சுருக்கினாலும் இந்தக் கையொப்பத்தைச் சுருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விற்பனைக் கிளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று நடுவில் யாராவது சொல்லும்போது, காலமும் பணமும் மாறும் என்று எடுத்துக்காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.

இதே கட்டத்தில் கட்டமைப்புக் கொள்கைகளையும் வகுக்க வேண்டும். ஒவ்வொரு கொள்கைக்கும் பெயர், கூற்று, காரணம், விளைவு என்று நான்கு பகுதிகளை டோகாஃப் வைக்கிறது. பலரும் முதல் மூன்றை அழகாக எழுதிவிட்டு நான்காவதை விட்டுவிடுகிறார்கள். ‘ஒரு தரவுக்கு ஒரே உரிமையாளர்’ என்று எழுதுவது எளிது; அதன் விளைவாக ஸ்டோர்ஸ் பிரிவு இனித் தானாகப் புதிய பொருள் குறியீடு உருவாக்க முடியாது என்பதையும் எழுதினால்தான் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பது முன்கூட்டியே தெரியும்.

அடுத்து, தொழில், தரவு, பயன்பாட்டு மென்பொருள், தொழில்நுட்பம் என்ற நான்கு பரப்புகளில் இன்றைய நிலையையும் இலக்கு நிலையையும் பதிவு செய்ய வேண்டும். பட்டியல்கள், அணிகள் (இரண்டு வகைத் தகவல்களை வரிசையிலும் நெடுவரிசையிலும் எதிரெதிரே வைக்கும் கட்டங்கள்), வரைபடங்கள் என்று மூன்று வடிவங்களில் இப்பதிவுகள் அமையும். எல்லோரும் வரைபடத்தில்தான் நேரத்தைச் செலவிடுகிறார்கள். பயன் கிடைப்பதோ முதல் இரண்டில். மென்பொருள் பட்டியலின் ஒரு வரியில் பெயர், அது செய்யும் வேலை, தொழில் தரப்பில் அதற்குப் பொறுப்பானவர், இயங்கும் சர்வர், டேட்டாபேஸ், உள்ளே பயன்படும் முக்கியக் கூறுகள், ஆண்டுச் செலவு, ஒப்பந்தம் முடியும் தேதி ஆகியவை இருக்கட்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா கூறில் பெரிய பாதுகாப்புக் குறை வெளியானபோது, இத்தகைய பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்களால் தங்களிடம் அது எங்கெங்கே இருக்கிறது என்று தேட முடிந்தது. இல்லாதவர்கள் ஒவ்வொரு விற்பனையாளரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது.

அணிகளில், தரவையும் துறையையும் எதிரெதிரே வைக்கும் அணியை முதலில் போடுங்கள். எந்தத் தரவை எந்தத் துறை உருவாக்குகிறது, எது பயன்படுத்த மட்டும் செய்கிறது என்று கட்டம் கட்டமாக நிரப்பும்போது, ஒரே பேரிங்குக்குக் கொள்முதல் பிரிவில் ஒரு குறியீடு, ஸ்டோர்ஸில் ஒன்று, டீலர் இணையதளத்தில் வேறொன்று இருப்பது வெளியே வந்துவிடும்.

இன்றைய நிலைக்கும் இலக்குக்கும் இடையிலான இடைவெளியைக் காட்டும் அணியும் விடக்கூடாதது. இடப்பக்கம் இன்று உள்ளவை, மேலே இலக்கில் உள்ளவை. கடைசி நெடுவரிசை ‘நீக்கப்பட்டவை’, கடைசி வரிசை ‘புதியவை’. நீக்கப்பட்டவை என்ற நெடுவரிசையில் விழும் ஒவ்வொன்றும் வேண்டுமென்றே நீக்கப்பட்டதா, மறதியால் விடுபட்டதா என்று முடிவு செய்தாக வேண்டும். பழைய ஸ்டோர்ஸ் மென்பொருள் அடித்துக்கொடுத்த கேட் பாஸ் புதிய ஈஆர்பியில் (எல்லாத் துறைகளையும் இணைக்கும் ஒரே மென்பொருளில்) இல்லை என்பது இந்தத் தாளில் தெரிந்துவிட்டால் நல்லது. தெரியாவிட்டால், புதிய மென்பொருள் ஓடத் தொடங்கும் முதல் நாளில் லாரி வாசலில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

இவை அனைத்தும் திரண்டு கட்டமைப்பு வரையறை ஆவணமாகின்றன. அதனுடன் சேர்ந்தே வளர வேண்டியது தேவைக் குறிப்பீடு. முன்னது எதைக் கட்டப்போகிறோம் என்று விவரிப்பது. பின்னது, கட்டியது சரியா என்று அளந்து பார்க்கத்தக்க நிபந்தனைகளைச் சொல்வது. அதன்பின் இடைவெளிகளைத் தொகுப்புகளாக்கி வரிசைப்படுத்தும் ரோட்மேப், செலவும் தேதியும் சேர்ந்த மாற்றத் திட்டம், செயல்படுத்தும் குழுவுடன் அல்லது விற்பனையாளருடன் செய்துகொள்ளும் கட்டமைப்பு ஒப்பந்தம், அதன்படி வேலை நடந்ததா என்று பார்க்கும் இணக்க மதிப்பீடு ஆகியவை வரும். கட்டமைப்பு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைக் கொள்முதல் ஆணையிலேயே சேர்த்துவிடுங்கள். தனிக் கோப்பில் இருந்தால் விற்பனையாளர் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

கேள்வி: இந்த ஆவணங்களைத் தயாரிக்கத் தனி மென்பொருள் வாங்க வேண்டுமா? எக்செல் போதாதா?

பதில்: முதல் சுற்றுக்கு எக்செல் போதும். ஒரே மென்பொருளின் பெயர் நான்கு தாள்களில் நான்கு விதமாக எழுதப்படத் தொடங்கும்போதும், இந்த சர்வரை நிறுத்தினால் எந்தெந்தத் துறையின் வேலை நிற்கும் என்ற கேள்விக்கு விடை காண ஒரு நாள் ஆகும்போதும் இத்தகவல்களை ஒரே இடத்தில் தொடர்புபடுத்தி வைக்கும் தனிக் களஞ்சிய மென்பொருள் தேவைப்படுகிறது என்று கொள்ளலாம். வரைபடங்களுக்கு ஆர்க்கிமேட் என்ற குறியீட்டு மொழி உண்டு. அதையும் தி ஓப்பன் குரூப்பே பராமரிக்கிறது. ஆர்க்கி என்ற கட்டணமில்லா மென்பொருளில் அதைப் பழகிப் பார்க்கலாம். ஆனால் அம்மொழியில் வரைந்த படத்தை இயக்குநர்கள் கூட்டத்தில் காட்ட வேண்டாம். அவர்களுக்குப் பெட்டியும் அம்புக்குறியும் போதும்.

கேள்வி: அரசுத் துறை ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்களுக்கும் இதே ஆவணங்கள்தானா?

பதில்: அடிப்படை ஒன்றுதான். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட இந்திய எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் நெறியை முதலில் படியுங்கள். செயல்திறன், பணி, பயன்பாடு, தரவு, தொழில்நுட்பம், ஒருங்கிணைப்பு, பாதுகாப்பு, நெறியாள்கை என்று எட்டு மாதிரிகளை அது தருகிறது. தனியார் நிறுவனம் மென்பொருள் பட்டியலிலிருந்து தொடங்கலாம். அரசுத் துறையோ குடிமக்களுக்கு வழங்கும் சேவைகளின் பட்டியலிலிருந்து தொடங்குவதே முறை. ஒவ்வொரு சேவைக்கும் விண்ணப்பதாரரிடம் எந்தெந்தச் சான்றிதழ்கள் கேட்கப்படுகின்றன, அவற்றில் எவை வேறொரு அரசுத் துறையே வழங்கியவை என்று இரண்டு நெடுவரிசைகள் போட்டு நிரப்பினால், உங்கள் ஒருங்கிணைப்பு ஆவணத்தின் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.