செரோடோனின் குறைவதால்தான் ஓசிடி வருகிறதா? இரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

பூட்டின கதவை இருபது தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்த ஆள் நான். வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் இந்த மனநோய்தான் ஓசிடி. நரம்பு செல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று செரோடோனின். அதனால் இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது.

குறைவுதான் காரணம் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் சம்பந்தம் உண்டு. அது மருந்து வழியாகத்தான் தெரிய வந்தது. குளோமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரை ஓசிடிக்கும் கேட்பதை 1960களின் இறுதியில் மருத்துவர்கள் கவனித்தார்கள். அதே குடும்பத்து டெசிப்ரமினும் மனச்சோர்வுக்குக் கேட்கும், ஓசிடிக்கோ கேட்கவில்லை. முன்னது செரோடோனின் மீது பலமாக வேலை செய்யும், பின்னது நார்அட்ரினலின் என்ற இன்னொரு வேதிப்பொருள் மீது. சந்தேகம் செரோடோனின் பக்கம் திரும்பியது இப்படித்தான்.

ஆனால் வெறும் பற்றாக்குறை என்றால் ஒரு கணக்கு இடிக்கிறது. நரம்பு செல்கள் வெளியே விட்ட செரோடோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடும். பற்றாக்குறைதான் என்றால் உடனே குணம் தெரிய வேண்டும். ஆனால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகிறது. அளவும் அதிகம் வேண்டும்: மனச்சோர்வுக்கு 20 மில்லிகிராம் போதும் என்கிற இடத்தில் ஓசிடிக்கு 60 வரைகூடப் போவார்கள். ஆறாவது வாரம் நான் வெறுத்துப்போய் நிறுத்தப் பார்த்தேன். மருத்துவர் திட்டாத குறை. பதினோராவது வாரம்தான் கை கொஞ்சம் அடங்கியது.

அந்த வாரங்களில் மூளை மெதுவாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதே இப்போதைய புரிதல். கண்ணுக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதி, மூளைக்கு உள்ளே இருக்கும் காடேட், தாலமஸ் என்ற பகுதிகள், இவற்றுக்கிடையே ஒரு சுற்று ஓடுகிறது. 'ஏதோ சரியில்லை' என்ற எச்சரிக்கை அங்கே அணையாமல் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் எங்கள் தொல்லை. பூட்டியது கண்ணுக்குத் தெரியும், மனசுக்கு எட்டாது. மூளைத்தண்டிலிருந்து வரும் செரோடோனின் நரம்புகள் இந்தச் சுற்றையும் தொடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1992இல் வந்தது. சிலருக்கு ஃப்ளுவாக்ஸெடின், சிலருக்கு மாத்திரையே இல்லாமல் நடத்தைச் சிகிச்சை. இரண்டிலும் குணம் தெரிந்தவர்களுக்குக் காடேட்டின் வேகம் குறைந்திருந்தது! அந்தச் சிகிச்சையில் செய்வதுபோல, கதவைத் தொடாமல் பதற்றத்தோடு நின்று பழகுவதும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. நான் இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

இரத்தப் பரிசோதனைக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். உடம்பின் செரோடோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் இருக்கிறது, அது மூளைக்குள் நுழையாது. மருத்துவர் உங்களிடம் பேசித்தான் ஓசிடியா என்று கண்டுபிடிப்பார்.