ஊசி கழுத்தில், நெறி தோளில்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: கலப்பின ஜெர்சி பசு, இரண்டாம் ஈத்து. இடது கழுத்தில் கோமாரித் தடுப்பூசி போட்டு ஐந்து நாள் ஆகிறது. ஊசி போட்ட இடத்தில் ஒன்றுமில்லை. ஆனால் தோள்பட்டைக்கு முன்னால் கோழிமுட்டை அளவில் கட்டி. சூடு வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா? பக்கத்துத் தெருவில் கோமாரி வேறு வந்திருக்கிறது.

பதில்: சூடு வேண்டவே வேண்டாம், கீறவும் கூடாது. அந்த இடத்தில் எல்லா மாட்டுக்கும் நிணநீர்க் கணு (கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் கூடும் முடிச்சு) ஒன்று உண்டு. நமக்குக் காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அதேதான் இது.

ஊசி போட்ட இடத்தில் காவல் இருக்கும் வெள்ளணுக்கள், மருந்திலுள்ள செயலிழந்த கோமாரிக் கிருமியின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியாக இந்தக் கணுவுக்கு வந்து சேரும். இரத்தத்தில் சுற்றும் லிம்போசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள், கணுவுக்குள் ஓடும் நுண்ணிய நாளங்களின் சுவரைக் கடந்து உள்ளே வரும். தனக்குப் பொருந்தும் துணுக்கு இல்லையென்றால் ஒரு நாளுக்குள் கிளம்பிவிடும். ஊசிக்குப் பிறகு கணுவின் வெளிவாசல் கொஞ்ச காலம் அடைபடுகிறது, ஆனால் வரத்து நிற்பதில்லை. பொருந்தியவை உள்ளேயே பெருகவும் செய்கின்றன. வீக்கம் அதனால்தான். பெருகியவை பிறகு நிணநீரில் இறங்கி, இதயத்துக்கு அருகே பெரிய சிரையில் கலந்து உடம்பெங்கும் போகும். நிணநீரைத் தள்ள இதயம் கிடையாது. குழாய்கள் சுருங்குவதும் மாடு நடப்பதும்தான் தள்ளும். நாள் முழுக்கக் கட்டியே போடாமல் கொஞ்சம் நடக்க விடுங்கள்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? வலது தோளையும் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வீங்கி, காய்ச்சல் 104 டிகிரியைத் தாண்டி, காதிலும் மடியிலும் உண்ணி இருந்தால், உண்ணி பரப்பும் ஒட்டுண்ணி நோயான தைலேரியாவாக இருக்கலாம். அந்த ஒட்டுண்ணி வெள்ளணுக்குள்ளேயே குடியேறி, அந்த வெள்ளணு பிரியும்போது கூடவே பிரிந்து பெருகும். அதனால்தான் மருத்துவர் இந்தக் கணுவில் ஊசியால் குத்திக் கொஞ்சம் நீர் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார். அன்றைக்கே காட்டிவிடுங்கள், தள்ளிப்போட்டால் மாடு தேறுவது கஷ்டம்.

கோமாரிக்கு முழுப் பாதுகாப்பு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை அந்தத் தெரு மாடுகளோடு மேய்ச்சலும் தண்ணீர்த் தொட்டியும் பகிர வேண்டாம். பால் கறக்க வருபவர் அங்கும் கறப்பவர் என்றால், கை கால் கழுவாமல் தொழுவத்துக்குள் விடாதீர்கள்.